யார் மடியில், எந்த ஊரில்?

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டை எண்ணிக்கொள்வோம். குழந்தைக்கு 15 மாதம். இன்னும் தனியாக நடக்கவில்லை. அம்மாவுக்குக் கலக்கம். ஆச்சிக்கோ அது ஒரு பொருட்டே இல்லை: “இவ அப்பனும் ஒன்றரை வயசுலதான் நடந்தான். நீ சும்மா கெட.” மாமா ஒருவர் நடைவண்டி வாங்கி வந்து திண்ணையில் வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நுழையும் சமூகப்பணியாளர் யார் பக்கம் பேச வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடந்தது. ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். நடையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆச்சி சொன்னது சரி. ஆனால் பணியாளரின் வேலை அத்தோடு முடியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புகிறதா? எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதா? சின்னப் பொருளை விரல் நுனியால் எடுக்கிறதா? பயந்தால் யாரைத் தேடுகிறது? அம்மா இரவில் தூங்குகிறாரா?

இப்படி அடுத்தடுத்த கேள்விகளை எழுப்பிக் கொடுப்பதற்குத்தான் மனித வளர்ச்சிக் கோட்பாடுகள் இருக்கின்றன. எரிக்சன், பவுல்பி, வைகாட்ஸ்கி, ப்ரோன்ஃபென்பிரெனர் என்று பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. ஒரு கோட்பாட்டின் மதிப்பு, அது ஒரு வீட்டுக்குள் நம்மை எதைக் கவனிக்க வைக்கிறது என்பதில் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தின் வாழ்க்கையை வைத்து அவற்றை உரசிப் பார்க்கலாம்.

உரிமமும் பாடமும்

அமெரிக்காவில் கிளினிக்கல் சமூகப்பணி செய்ய விரும்புகிறவர் பொதுவாக உரிமத் தேர்வு எழுத வேண்டும். மனிதர் பிறப்பு முதல் முதுமை வரை எப்படி வளர்கிறார், சூழல் அவரை எப்படி வடிவமைக்கிறது என்பது அத்தேர்வின் அடிப்படைப் பகுதிகளில் ஒன்று. மனநோயின் அறிகுறிகளை அறிந்தால் மட்டும் போதாது, அந்த வயதில் எது இயல்பு என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். மூன்று வயதுப் பிள்ளையின் அடமும் முப்பது வயதுக்காரரின் அடமும் ஒன்றல்ல.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனமாக இருக்கும் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் கல்லூரியை நிறுவினார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப்பணியாளர் யார் என்பதை வரையறுத்தது. 2021இல் வந்த துணைநிலை, சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், கிளினிக்கல், மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கல்வித் தரமும் பதிவும் ஒழுங்குபெறும் காலத்தில் இருக்கிறோம். அப்படியானால் இப்பணிக்கு வருகிறவர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை நாம் இப்போதே பேசியாக வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த அட்டவணை

செங்கோட்டை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போனால் திருவனந்தபுரம். அங்கே குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவரது குழுவினரும் உருவாக்கிய திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை 1991இல் வெளியானது. அதில் இருப்பவை 17 செயல்கள் மட்டுமே. முகம் பார்த்துச் சிரிப்பது முதல் பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது வரை, பிறப்பிலிருந்து 2 வயதுக்குள் வருபவை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிடைக்கோடு. அது எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதைக் கோட்டின் நீளம் காட்டும். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட கோடுகளில் ஏதாவது ஒரு செயலைக் குழந்தை செய்யாவிட்டால், அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிடங்களில் முடிகிற வேலை. அங்கன்வாடிப் பணியாளர்கூடச் செய்யலாம்.

இதன் பின்னணியில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. அமெரிக்கரான நான்சி பெய்லியின் அளவுகோலைப் பரோடாவில் பிரமிளா பாடக் குழுவினர் இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து, நம் குழந்தைகளுக்கான வயது வரம்புகளை வகுத்தார்கள். அந்தப் பரோடா வரம்புகளிலிருந்தே திருவனந்தபுரம் அட்டவணை பிறந்தது. வேற்று நாட்டுக் கருவியைத் தூக்கி எறியவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. நம் குழந்தைகளிடம் கேட்டுத் திருத்தினார்கள். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் இந்த உழைப்பு தேவை.

ஆச்சியின் மடி

பிரிட்டனின் ஜான் பவுல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயன்பு கிடைக்காத குழந்தைகளின் மனநலத்தைப் பற்றியது. சோறும் துணியும் மருந்தும் கொடுத்தாலும், நிலையான ஒருவரின் அன்பு இல்லாவிட்டால் குழந்தை வாடிப்போகும் என்று அவர் வாதிட்டார். விடுதிகளும் மருத்துவமனைகளும் பெற்றோரைக் குழந்தையிடமிருந்து பிரித்து வைத்த காலம் அது. அந்த வாதம் பல நாடுகளில் நடைமுறையையே மாற்றியது.

அவரோடு பணிபுரிந்த மேரி ஐன்ஸ்வர்த் 1954-55இல் உகாண்டாவுக்குப் போய், வீடு வீடாகச் சென்று தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தார். கண்ணெதிரே குழந்தைகள் தவழ்ந்து விலகுவதும், திரும்பிப் பார்த்துத் தாய் இருப்பதை உறுதி செய்துகொள்வதும், மறுபடி விலகுவதுமாக இருந்தன. பற்றுள்ள ஒருவர் இருந்தால்தான் குழந்தை துணிந்து உலகத்தை ஆராயும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் வகுத்த சோதனை உலகப் புகழ் பெற்றது. சுமார் 20 நிமிடம், ஓர் அறை, தாய், குழந்தை, ஓர் அந்நியர். தாய் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் பிணைப்பின் தன்மையை வகைப்படுத்தினார்கள்.

அந்தச் சோதனையை ஜப்பானில் செய்தபோது சிக்கல் எழுந்தது. தாயை விட்டுப் பிரிந்தே பழகாத குழந்தைகள் அங்கே அழுது தீர்த்தன. அதைப் பாதுகாப்பற்ற பிணைப்பு என்று எண்ணுவதா, பழக்கமில்லாத சூழலின் அதிர்ச்சி என்று எண்ணுவதா? அந்த விவாதம் நமக்கும் பொருந்தும்.

நம் வீடுகளில் ஒரு குழந்தை எத்தனை மடி மாறுகிறது! அம்மா பீடிக்கடைக்குப் போயிருப்பார். குழந்தை ஆச்சியிடம் இருக்கும். மாலையில் அத்தை தூக்கிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டு அக்கா சோறு ஊட்டுவார். பணியாளர் வந்து, “ஆச்சி, பிள்ளைய யாரு பாத்துக்கிடுதா?” என்று கேட்டால், “நாங்க எல்லாருந்தான்” என்று பதில் வரும். படிவத்தில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து ஆய்வு செய்த மானுடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், 1990இல் வெளியான தம் நூலில், தாய் தன் குழந்தை மீதான அன்பைப் பிறர் முன் அடக்கிக்கொள்வதை விரிவாக எழுதினார். தன் பிள்ளையைத் தானே ஆசையோடு உற்றுப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்ற அச்சம் நமக்குத் தெரிந்ததுதான். மாமியார் முன்னால் தன் பிள்ளையைக் கொஞ்சாமல் இருப்பது பல வீடுகளில் மரியாதை. இதை அறியாத பணியாளர், அந்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, தாய்க்குக் குழந்தையிடம் ஒட்டுதல் குறைவு என்று எழுதிவிடக் கூடும். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தைக் காயப்படுத்தும்.

இதனால் பவுல்பி பொய்யாகிவிடவில்லை. குழந்தைக்கு நிலையான, நம்பத்தக்க அன்பு வேண்டும் என்பது இங்கேயும் உண்மை. அது ஒருவரிடமிருந்து வருகிறதா, நால்வரிடமிருந்து வருகிறதா என்பதே மாறுகிறது. பல மடி இருப்பது பலம். அந்த மடிகள் அடிக்கடி காணாமல் போனால் அது ஆபத்து. ஆச்சி இறந்துபோன வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை சாப்பிட மறுத்தால், வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுப்பதோடு நிற்காமல், அந்தப் பிள்ளை இழந்தது யாரை என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது இந்தக் கோட்பாடுதான்.

ஆய்க்குடி காட்டும் வழி

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரில் நடந்த உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவிக்கப்பட்ட 1981இல், தம் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார். பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன், தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டே பின்னாளில் இந்தப் பணியில் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வளர்ச்சித் தாமதம் உள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்கள் வீட்டுக்கே சென்று பயிற்சி தருவது இந்தச் சங்கத்தின் முக்கியப் பணிகளில் ஒன்று. கிராமத்திலேயே வாழும் மறுவாழ்வுப் பணியாளர்கள் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போகிறார்கள். சங்கமே உருவாக்கிய செயலியில் குழந்தையின் நிலையும் முன்னேற்றமும் பதிவாகின்றன. பின்னால் இயன்முறை, பேச்சு, சிறப்புக் கல்வி வல்லுநர்கள் இருந்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தோடு, பராமரிப்பவரின் மனச்சுமையையும் இங்கே அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த முறையின் வேர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியிடம் இருக்கிறது என்று சொல்லலாம். காசநோயால் 1934இல், 37 வயதில் இறந்துபோனவர் அவர். குழந்தை தானாக எதைச் செய்கிறது என்பதைக் காட்டிலும், சற்றே கைகொடுத்தால் எதைச் செய்ய முடிகிறது என்பதைப் பாருங்கள் என்றார். தனியாகச் செய்வது நேற்றைய வளர்ச்சி. துணையோடு செய்வது நாளைய வளர்ச்சி. இரண்டுக்கும் இடையே உள்ள வெளியில்தான் கற்றல் நடக்கிறது. பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளோடு அவர் பணி செய்தார். உடற்குறையைவிட, அக்குறையால் குழந்தை சமூக வாழ்விலிருந்து விலக்கப்படுவதே பெரிய இழப்பு என்பது அவர் முடிவு.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையை வாரம் ஒருமுறை நகரத்து மையத்துக்குத் தூக்கிப் போனால், ஒரு மணி நேரப் பயிற்சி கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அக்குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, இடுப்பில் தூக்கும்போது எப்படித் தாங்கிப் பிடித்தால் குழந்தை தானாகக் கழுத்தை நிமிர்த்தும் என்பதை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தால், நாள் முழுவதும் பயிற்சியாகிறது. கைகொடுக்க வேண்டிய இடம் எது, கையை விலக்க வேண்டிய நேரம் எது என்பதை அம்மா கற்றுக்கொள்கிறார். அந்த அம்மா சோர்ந்து படுத்துவிட்டால் எல்லாம் நின்றுபோகும். அதனால்தான் அவருடைய மனச்சுமையும் சிகிச்சையின் ஒரு பகுதி.

தட்டு மடியில் இருக்கும் பெண்

ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் வட்டாரங்களில் பீடி சுற்றுவது பெண்களின் பெருந்தொழில். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து, தட்டை மடியில் வைத்துச் சுற்றி, எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்த பெண்பிள்ளை விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும் தொழில் அது.

பதின்பருவத்தைப் பற்றி அதிகம் பேசப்பட்ட கோட்பாடு எரிக் எரிக்சனுடையது. மனித வாழ்வை 8 கட்டங்களாகப் பிரித்து 1950இல் எழுதினார். தான் யார் என்று தேடுவதே பதின்பருவத்தின் வேலை என்பது அவர் கருத்து. அந்தத் தேடலுக்குச் சமூகம் ஓர் அவகாசம் கொடுக்க வேண்டும். பல வேடங்களைப் போட்டுப் பார்த்துக் கழற்ற இளையவருக்கு இடம் வேண்டும் என்றார். அவரைத் தொடர்ந்து ஜேம்ஸ் மார்சியா 1966இல், தேடாமலேயே பெற்றோர் சொன்ன வாழ்வை ஏற்றுக்கொள்வதை முன்கூட்டியே மூடிக்கொண்ட அடையாளம் என்று வகைப்படுத்தினார்.

பள்ளி முடிந்து வந்ததும் தட்டை மடியில் எடுக்கும் 16 வயதுப் பெண்ணுக்கு அந்த அவகாசம் எங்கே? அவளுடைய அடையாளம் மூடப்பட்டதா, அல்லது தேடுவதற்கு நேரமே மறுக்கப்பட்டதா? இரண்டும் வேறு வேறு. முதலாவது அவளுடைய மனநிலை, இரண்டாவது அவள் குடும்பத்தின் கூலி நிலை. மனநிலை என்று எடுத்துக்கொண்டால் அவளுக்கு ஆலோசனை தருவோம். கூலி நிலை என்று புரிந்துகொண்டால் உதவித்தொகை, விடுதி, கல்லூரிச் சேர்க்கை, அம்மாவின் நலவாரிய அட்டை என்று தேடிப் போவோம். நல்ல பணியாளர் இரண்டையும் செய்வார்.

கரோல் கில்லிகன் 1982இல் வைத்த விமர்சனத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தனித்து நிற்பதையே முதிர்ச்சி என்று எண்ணிய கோட்பாடுகள், உறவுகளைப் பேணிக்கொண்டே வளரும் பெண்களைக் குறைவாக மதிப்பிட்டன என்றார் அவர். தம்பியின் படிப்புக்காகப் பீடி சுற்றும் அக்காவுக்குத் தன்னைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரிந்தேதான் சுற்றுகிறாள். அவளுடைய பொறுப்புணர்வை மதித்துக்கொண்டே, அவளுக்கு உரிய வாய்ப்பைக் கேட்பதுதான் நியாயம்.

எரிக்சனின் கட்டங்கள் ஒருமுறை தாண்டினால் முடிந்துபோகும் படிகள் அல்ல. வாழ்க்கை புரட்டிப்போட்டால் பழைய கேள்வி மறுபடி எழும். இளமையில் உடல் செயலிழந்த ஒருவருக்கு, தான் யார் என்ற கேள்வி முதலிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு, அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதே நடுவயதின் கேள்வி என்றார் எரிக்சன். ஆய்க்குடி அதற்கு ஊரறிந்த விடை.

சாரலும் பள்ளிக்கட்டணமும்

குழந்தையைச் சுற்றி அடுக்கடுக்காகச் சூழல்கள் இருக்கின்றன என்று விளக்கியவர் யூரி ப்ரோன்ஃபென்பிரெனர். மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் அமெரிக்க அரசு தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1979இல் வந்த அவர் நூல் சொல்வது இதுதான்: வீடும் பள்ளியும் முதல் அடுக்கு. அவற்றுக்கிடையேயான உறவு அடுத்தது. குழந்தை காலே வைக்காத இடங்கள், ஆனால் அதன் வாழ்வை ஆட்டிவைக்கும் இடங்கள் மூன்றாவது. சட்டமும் வழக்கமும் நம்பிக்கையும் அவற்றுக்கு வெளியே. இவை எல்லாவற்றோடும் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தையும் பின்னர் அவர் சேர்த்துக்கொண்டார்.

குற்றாலத்தைப் பார்த்தால் இது உடனே விளங்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் கொட்டும்போது, பழக்கடைக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், ஆட்டோ ஓட்டுநர், விடுதியில் அறை துடைக்கும் பெண் எல்லாருக்கும் வருமானம். அந்தச் சில வாரச் சம்பாத்தியத்தை நம்பி ஆண்டு முழுவதையும் திட்டமிடும் குடும்பங்கள் உண்டு. அதே ஜூனில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. பிள்ளைக்குப் புது வகுப்பு, புது ஆசிரியர். அம்மாவும் அப்பாவும் வீட்டில் இல்லாத மாதங்களும் அவையே.

மலையில் பலத்த மழை பெய்து வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அது உயிரைக் காக்கும் தடை, வேண்டியதே. ஆனால் அன்றைக்குப் பழக்கடையில் வியாபாரம் இல்லை. தடை நீடித்தால் வாங்கிய கடன் வட்டியாகிறது. வட்டி வீட்டில் சண்டையாகிறது. ஆறாம் வகுப்புப் பையன் மறுநாள் பள்ளியில் கவனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் அவனைக் கவனக்குறைவுள்ள பிள்ளை என்று மருத்துவமனைக்கு அனுப்புகிறார். பையன் மேலே மலையில் பெய்த மழையைப் பார்த்திருக்கவே மாட்டான். இந்தச் சங்கிலியைப் பின்னோக்கித் தொடர்ந்து போகத் தெரிந்தவர்தான் சமூகப்பணியாளர். அவனுக்குக் கவனக்குறைபாடு உண்மையிலேயே இருக்கவும் கூடும். அதைச் சோதிக்காமல் விடக்கூடாது. ஆனால் சங்கிலியைப் பார்க்காமல் ஒட்டப்படும் பெயர், அந்தப் பையனோடு பல ஆண்டு தொடரும்.

தேர்வுத்தாள் எப்படி இருக்க வேண்டும்?

கோட்பாடு எல்லாமே எங்கோ ஓர் ஊரில், யாரோ சிலரைக் கவனித்துப் பிறந்தது. உகாண்டாவின் கிராமங்கள், மாஸ்கோவின் சிறப்புப் பள்ளிகள், அமெரிக்க நகரத்து ஆய்வறைகள். எரிக்சனும் அதை உணர்ந்தவர். 1962இல் அகமதாபாத்துக்குக் கருத்தரங்குக்காக வந்தவர், அங்கே 1918இல் நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியின் பங்கால் ஈர்க்கப்பட்டு, அதில் தொடர்புடையவர்களைத் தேடிப் பேசி, காந்தியைப் பற்றிய நூலை 1969இல் வெளியிட்டார். தம் கோட்பாட்டை வேறொரு மண்ணின் வாழ்வோடு வைத்துப் பார்க்க அவரே முன்வந்தார்.

ஆகவே நம் நாட்டில் உரிமமும் பதிவும் ஒழுங்காகும்போது, எட்டுக் கட்டங்களின் பெயரை வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விகளோடு நின்றுவிடக் கூடாது. ஒரு வீட்டைக் கொடுங்கள். அதில் யார் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், குழந்தை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று சொல்லுங்கள். முதலில் என்ன கேட்பீர்கள், எதை அடுத்த வாரம் வரை விட்டுவைப்பீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். பதிவுக்கு முன் கண்காணிப்போடு கூடிய வீட்டுப்பணி கட்டாயமாகட்டும். நம் குழந்தைகளிடம் சோதித்துத் திருத்திய அளவுகோல்கள் பாடத்தில் முன்னே வரட்டும்.

அந்தத் தேர்வு தமிழிலும் இருக்க வேண்டும். பணியாளர் நாளை ஒரு தாயிடம் உட்கார்ந்து, அவர் குழந்தையைப் பற்றிய கடினமான உண்மையைப் பேசப்போவது தமிழில்தான். அந்த மொழியில் சிந்திக்கவும் விளக்கவும் ஆறுதல் சொல்லவும் தெரியாதவர் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும், தென்காசியில் ஒரு வீட்டுக்குள் நுழையத் தகுதி பெற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது.